தண்ணீரில் இருந்து வானுக்குத் தாவிய சைக்கிள் கடைக்காரர்!

ஆடி மாதம் பிறந்தால் திருநெல்வேலிச் சீமையில் காற்றின் ராஜ்யம்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து வீசும். குற்றாலத்தில் சாரல் விழும். தாமிரபரணிக் கரையில் வாழை வைத்தவர்கள் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுப்பார்கள்.

அந்தக் காற்றில் சைக்கிளில் போய் இருக்கிறீர்களா? காற்று எதிரே வந்தால் கால் வலிக்கும். மிதிப்பது கஷ்டம். ஆனாலும் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே காற்று பக்கவாட்டில் அடித்தால்? சைக்கிளோடு ஆளையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிடும்.

எதிர்க்காற்று நண்பன். பக்கக்காற்று பகைவன். விமான ஓட்டிகளுக்கு இது அரிச்சுவடிப் பாடம். அதிலும் தண்ணீரில் இருந்து கிளம்பும் விமானத்தை ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இந்தப் பாடத்தை உடைந்த விமானங்களில் இருந்தும், காத்திருந்த காலை நேரங்களில் இருந்தும் கற்றுக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அவர் பெயர் கிளென் கர்டிஸ்.

தந்தையை இழந்த சிறுவன்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்று ஒரு சிற்றூர். ஊரை ஒட்டி கியூக்கா என்ற ஏரி. சுமார் 20 மைல் நீளம். நடுவில் இரண்டு கிளையாகப் பிரியும். இரு பக்கமும் குன்றுகள். குன்றுச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள்.

அந்த ஊரில் 1878-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி கர்டிஸ் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்து விற்பவர். கர்டிசுக்கு 4 வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். பாட்டியும் தாயும் வளர்த்தார்கள்.

அடுத்த இடியும் விழுந்தது. தங்கை ருத்தாவுக்குக் கொடிய காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் காது கேட்காமல் போய்விட்டது. காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடம் ராச்செஸ்டர் நகரில் இருந்தது. தாய் மகளோடு அந்த நகரத்துக்குக் குடிபோனார்.

கர்டிஸ் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். கேமரா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு சைக்கிளில் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். அதனால் கால் பலம் பெற்றது. சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பரிசுகள் வாங்கினார்.

அவர் அதிகம் பேசமாட்டார். சிரிப்பதும் குறைவு. எதையாவது கழற்றிப் பார்ப்பார். மறுபடியும் மாட்டுவார். முன்பைவிட நன்றாக ஓடும்.

தக்காளி டப்பாவில் இயந்திரம்

1898-ம் ஆண்டு லீனா என்ற பெண்ணை மணந்தார். சொந்த ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார். முதல் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. அந்தத் துயரத்தை வேலையில் மறக்க முயன்றார்.

சைக்கிளுக்கு மோட்டார் வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு மோட்டாரை வரவழைத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகத்துக்குக் காலித் தக்காளி டப்பா ஒன்றைப் பயன்படுத்தினார். மோட்டார் ஓடியது! பிறகு தாமே மோட்டார்கள் செய்யத் தொடங்கினார். எடை குறைவு, சக்தி அதிகம். இதுதான் அவருடைய மோட்டார்களின் சிறப்பு.

1907-ம் ஆண்டு ஜனவரியில் புளோரிடா கடற்கரை மணலில் ஒரு மோட்டார் சைக்கிளை ஓட்டினார். மணிக்கு 136 மைல் வேகம்! அன்று உலகத்திலேயே மிக வேகமாகப் போன மனிதர் அவர்தான் என்று பேசப்பட்டது.

எடை குறைந்த மோட்டார் யாருக்குத் தேவை? பறக்க நினைப்பவர்களுக்குத் தேவை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் அப்போது ஆகாய விமான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1907-ம் ஆண்டு அக்டோபரில் 5 பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பெல், கர்டிஸ், பால்டுவின், மெக்கர்டி, ராணுவ அதிகாரி செல்பிரிட்ஜ் ஆகியோர் அந்த 5 பேர்.

பனிக்கட்டியில் கற்ற பாடம்

முதல் விமானத்துக்குச் சிவப்பு இறக்கை என்று பெயர். 1908-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி அதைச் சோதித்தார்கள். குளிரில் கியூக்கா ஏரி பாறையாக உறைந்து கிடந்தது. விமானம் பனிக்கட்டி மேல் சறுக்கி ஓடி, எழும்பிப் பறந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

5 நாள் கழித்து இரண்டாவது முறை பறக்கவிட்டார்கள். குன்றுப் பக்கத்தில் இருந்து காற்று பக்கவாட்டில் அடித்தது. விமானம் சாய்ந்தது. சாய்ந்த இறக்கையை நிமிர்த்த அதில் எந்த வசதியும் இல்லை. பனிக்கட்டியில் மோதி நொறுங்கியது. நல்லவேளையாக ஓட்டிய பால்டுவினுக்கு உயிர்ச் சேதம் இல்லை.

அந்த ஒரு விபத்து பெரிய உண்மையைச் சொல்லிக் கொடுத்தது. மேலே ஏற இறங்க வழி இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்தவும் வழி வேண்டும். அடுத்த விமானத்தின் இறக்கை நுனிகளில் மேலும் கீழும் அசையும் சிறு பலகைகளை வைத்தார்கள். இன்றைய விமானங்களின் இறக்கையிலும் அப்படிப்பட்ட பலகைகள் இருக்கின்றன.

அதே ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஜூன் வண்டு என்ற விமானத்தில் கர்டிஸ் பறந்தார். பரிசுக்கு வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டர். அவர் 5,000 அடிக்கு மேல் பறந்து கோப்பையை வென்றார்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. செப்டம்பர் 17-ந் தேதி நண்பர் செல்பிரிட்ஜ், ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் ஏறிச் சென்றார். விமானம் விழுந்து செல்பிரிட்ஜ் இறந்தார். இயந்திர விமான விபத்தில் உயிர் இழந்த முதல் மனிதர் அவர்.

ஏரி விட மறுத்தது

அந்தக் காலத்தில் விமான நிலையங்கள் கிடையாது. வயலில் இறங்கினால் வேலி இருக்கும், மரம் இருக்கும், பள்ளம் இருக்கும். தண்ணீரில் வேலி ஏது? மரம் ஏது? பரந்து கிடக்கும் ஏரியையே விமான நிலையம் ஆக்கினால் என்ன என்று கர்டிஸ் யோசித்தார்.

1908-ம் ஆண்டு நவம்பரில் ஜூன் வண்டு விமானத்தின் அடியில் இரண்டு மிதவைகளைக் கட்டினார்கள். ஏரியில் இறக்கினார்கள். மோட்டார் உறுமியது. விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஆனால் எழும்பவில்லை! தண்ணீர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

இதற்கிடையே பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி பாபர் 1910-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி தண்ணீரில் இருந்து பறந்து காட்டினார். உலகில் முதன்முதலில் அதைச் செய்தவர் அவர். கர்டிஸ் மனம் தளரவில்லை. தினமும் பயன்படுத்தக்கூடிய, நம்பி ஏறக்கூடிய நீர் விமானம் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கேலியைத் தாங்கிய பொறுமை

1910-ம் ஆண்டு ஒரு பத்திரிகை 10,000 டாலர் பரிசு அறிவித்தது. ஆல்பனி நகரத்துக்கும் நியூயார்க் நகரத்துக்கும் இடையே ஹட்சன் ஆற்றின் வழியாகப் பறக்க வேண்டும். ஏறக்குறைய 150 மைல் தூரம். இடையில் இரண்டு இடங்களில் இறங்கலாம்.

கர்டிஸ் ஆல்பனிக்குப் போனார். காற்று பலமாக வீசியது. அவர் கிளம்பவில்லை. மறுநாளும் காற்று. அன்றும் கிளம்பவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. பத்திரிகைகளில் கேலி எழுந்தது. பயந்துவிட்டார் என்றும் பேசினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தினமும் எழுந்து காற்றைப் பார்த்தார். மறுபடியும் காத்திருந்தார்.

மே 29-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் காற்று அடங்கி இருந்தது. சுமார் 7 மணிக்குக் கிளம்பினார். ஆற்றில் விழுந்தால் மிதப்பதற்காக விமானத்தில் மிதவைகளையும் கட்டி இருந்தார். ஆற்றங்கரைத் தண்டவாளத்தில் ஒரு சிறப்பு ரெயில் அவரைத் தொடர்ந்து ஓடியது. அந்த ரெயிலில் மனைவி லீனா அமர்ந்து, வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியில் ஸ்டார்ம் கிங் என்ற மலை. அங்கே ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே போகிறது. அந்த இடுக்கில் காற்று சுழன்று அடித்தது. விமானம் திடீர் என்று ஆற்றை நோக்கி விழுந்தது. கர்டிஸ் அதைச் சமாளித்து நிமிர்த்தினார். கணவாய்க் காற்றை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

வானில் இருந்த நேரம் 3 மணிக்கும் குறைவு. நியூயார்க்கில் இறங்கியபோது நாடே அவரைக் கொண்டாடியது. கேலி செய்தவர்களும் கை தட்டினார்கள்.

1911 ஜனவரி 26

அடுத்த குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் சான்டியாகோ விரிகுடாவுக்குப் போனார். அங்கே தண்ணீர் உறையாது. காற்றும் பெரும்பாலும் சாது. கடற்படை அதிகாரி எல்லிசன் அவரிடம் பயிற்சி பெற வந்து, உதவியும் செய்தார்.

பல விதமான மிதவைகளைக் கட்டிப் பார்த்தார்கள். ஒன்று மூழ்கியது. ஒன்று நீரை வாரி இறைத்தது. கழற்றினார்கள், மாற்றினார்கள், மறுபடியும் மாட்டினார்கள்.

1911-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி விமானம் தண்ணீரில் வேகமாக ஓடியது. கர்டிஸ் மூக்கைத் தூக்கினார். மிதவை தண்ணீரை விட்டது. விமானம் வானில் ஏறியது! அமெரிக்காவில் தண்ணீரில் இருந்து பறந்த முதல் விமானம் அது.

அடுத்த மாதம் ஒரு போர்க் கப்பலின் அருகே பறந்துபோய் இறங்கினார். கப்பலின் பளுதூக்கி விமானத்தை மேலே தூக்கியது. பிறகு மறுபடியும் தண்ணீரில் இறக்கிவிட்டது. அவர் பறந்து திரும்பினார். கடற்படைக்கு விமானம் உதவும் என்பது விளங்கியது.

பக்கக்காற்று செய்யும் சூழ்ச்சி

தண்ணீரில் இருந்து எழும்புவதில் அப்படி என்ன ஆபத்து? இதைத் தெரிந்துகொண்டால்தான் கர்டிசின் பொறுமை புரியும்.

தரையில் ஓடும் விமானத்துக்குச் சக்கரம் உண்டு; பிரேக் உண்டு. தண்ணீரில் மிதக்கும் விமானத்துக்குப் பிரேக் கிடையாது. மோட்டார் ஓடினால் அதுவும் ஓடும். காற்று தள்ளினால் நகரும்.

பாபநாசம் மலையில் காரையார் அணை இருக்கிறது. 143 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். சுற்றிலும் மலை. அங்கே ஒரு நீர் விமானம் கிளம்புகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்றுக்கு எதிராக ஓடினால் சீக்கிரம் எழும்பும். ஆனால் காற்று ஏரிக்குக் குறுக்காக வீசினால் என்ன செய்வது? காற்றுக்கு எதிராக ஓட இடம் போதாது, கரை வந்துவிடும். நீளவாக்கில் ஓடினால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போது 3 ஆபத்துகள் வரும்.

முதல் ஆபத்து, திரும்புவது. விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகை பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். வாலைக் காற்று தள்ளும். உடனே மூக்கு காற்று வரும் பக்கமாகத் திரும்பும்.

இரண்டாவது ஆபத்து, கவிழ்வது. வேகமாகப் போகும் பஸ் சட்டென்று வளைந்தால், உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்கிறார்கள் அல்லவா? அதுபோல, மூக்கு காற்றின் பக்கம் திரும்பியதும் விமானம் எதிர்ப்பக்கம் சாயும். காற்றும் அதே பக்கம் தள்ளும். இரண்டு சக்திகளும் சேர்ந்துகொள்ளும். காற்றுப் பக்கத்து இறக்கை மேலே எழும்பும். மறுபக்கத்து இறக்கையும் மிதவையும் தண்ணீருக்குள் புதையும். அப்புறம் விமானம் கவிழ்வதைத் தடுப்பது கஷ்டம்.

மூன்றாவது ஆபத்து, எழும்பிய பிறகு வருவது. போதிய வேகம் வருமுன் அவசரப்பட்டுத் தூக்கினால், விமானம் சிறிது எழும்பிப் பக்கவாட்டில் நழுவும். நழுவிக்கொண்டே மறுபடியும் தண்ணீரைத் தொட்டால், ஓடுகிற மனிதன் கால் தடுக்கி விழுவதுபோலக் குப்புற விழும்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தியே வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி விபத்துக்குப் பிறகு வைத்தார்களே, அந்தச் சிறு பலகைகள்தான் இதைச் செய்கின்றன. கர்டிஸ் தம் விமானங்களின் இறக்கை நுனியில் சிறு மிதவைகளையும் கட்டினார். இறக்கை தாழ்ந்தால் அவை தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலான பரிகாரம் ஒன்று உண்டு. காற்று எல்லை மீறினால் கிளம்பாமல் இருப்பது!

படி வைத்த படகு

மிதவை கட்டிய விமானத்தோடு கர்டிஸ் நிற்கவில்லை. படகையே விமானம் ஆக்க நினைத்தார். 1912-ம் ஆண்டு பறக்கும் படகைச் செய்தார். ஆனால் பழைய தொல்லை வந்தது. தண்ணீர் படகின் அடியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

படகின் அடிப்பகுதியில், பாதி தூரத்தில் ஒரு மரத் துண்டை அடித்து, வாசல் படி மாதிரி ஒரு மேடு செய்தார். அந்தப் படிக்குப் பின்னால் காற்று புகுந்தது. தண்ணீரின் பிடி அறுந்தது. படகு துள்ளி எழுந்தது! சாதாரண மரத் துண்டு செய்த வேலை அது. அதன் பிறகு உலகத்தில் கட்டப்பட்ட பறக்கும் படகுகளின் அடியிலும் அந்தப் படி இடம் பெற்றது.

புகழோடு துன்பமும் வந்தது. விமானத்தைச் சாயாமல் நிமிர்த்தும் முறை தங்களுக்கே சொந்தம் என்று ரைட் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. கோர்ட்டுக்கும் தொழிற்சாலைக்குமாக அலைந்தார். முதல் உலகப் போரின்போது, 1917-ம் ஆண்டு, விமானக் கம்பெனிகள் தங்கள் உரிமைகளைப் பொதுவில் வைத்துக்கொள்ள ஏற்பாடு ஆனது. அதன் பிறகே சண்டை ஓய்ந்தது.

கர்டிஸ் விமானத்தில் கப்பலில் இருந்து பறந்து புகழ் பெற்ற யூஜின் எலி, 1911-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு காட்சியில் பறந்தபோது விழுந்து இறந்தார். வயது 25 கூட நிரம்பவில்லை. தம் விமானத்தில் ஏறிய இளைஞரின் சாவு கர்டிசைத் தாக்காமல் இருக்குமா?

நடுக்கடலில் 3 விமானங்கள்

1919-ம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையும் கர்டிசும் சேர்ந்து உருவாக்கிய 3 ராட்சதப் பறக்கும் படகுகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டக் கிளம்பின. இறக்கையின் நீளம் 126 அடி. ஒவ்வொன்றிலும் 4 மோட்டார்கள்.

நியூபவுண்ட்லாந்தில் இருந்து கிளம்ப முயன்றபோது பாரம் அதிகமாகி எழும்ப முடியவில்லை. ஒரு விமானத்தில் ஓர் ஆளையே இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். மே 16-ந் தேதி மாலை மூன்றும் எழும்பின.

மறுநாள் கடல் மேல் மூடுபனி. வழி தெரியவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு விமானங்கள் கடலில் இறங்கின. மேலே இருந்து பார்த்தபோது கடல் அமைதியாகத் தெரிந்தது. இறங்கிய பிறகுதான் அலைகளின் உயரம் தெரிந்தது. மறுபடியும் எழும்ப வழி இல்லை!

ஒரு விமானத்தில் இருந்தவர்களைக் கிரேக்கக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. விமானம் மூழ்கிப்போனது. மற்றொன்று காற்றில் பின்புறமாகவே மிதந்துகொண்டு சுமார் 200 மைல் போனது. ஒரு பக்கத்து இறக்கை மிதவையை அலை பிடுங்கிக்கொண்டது. விமானம் கவிழாமல் இருக்க, மாலுமிகள் மறுபக்கத்து இறக்கையில் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுத்தார்கள். மே 19-ந் தேதி அசோர்ஸ் தீவுத் துறைமுகத்தை அடைந்தார்கள். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

மூன்றாவது விமானம் மே 27-ந் தேதி போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரை அடைந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிய முதல் விமானம் அதுதான்.

நம் பக்கத்திலும் இறங்கின

இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் கேடலினா என்ற பறக்கும் படகுகள் இறங்கி ஏறின. இலங்கையின் தெற்கே கொக்கலை ஏரியும் அவற்றுக்குத் தளமாக இருந்தது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி கொக்கலையில் இருந்து பறந்த ஒரு கேடலினாதான், இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டு செய்தி அனுப்பியது. கேடலினாவைக் கட்டியது வேறு கம்பெனி. ஆனால் அதன் அடியிலும் கர்டிஸ் கண்ட படி இருந்தது.

2020-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி குஜராத்தில் சபர்மதி ஆற்றுக்கு நீர் விமானம் வந்து இறங்கியது. 2024-ம் ஆண்டு நவம்பரில் கேரளத்தில் மூணாறு அருகே மாட்டுப்பட்டி அணையிலும் சோதனைக்காக ஒன்று இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம்தான் அந்த அணை!

கடைசிப் பயணம்

போருக்குப் பிறகு கர்டிஸ் விமானத் தொழிலை விட்டு விலகினார். புளோரிடாவில் புதிய ஊர்களை உருவாக்கினார். 1929-ம் ஆண்டு ஒரு வினோதம் நடந்தது. கோர்ட்டில் மோதிக்கொண்ட ரைட், கர்டிஸ் என்ற இரண்டு பெயர்களும் ஒரே கம்பெனியின் பெயராக இணைந்தன.

மறு ஆண்டு குடல்வால் நோய்க்கு அவருக்கு ஆபரேஷன் நடந்தது. தேறி வரும் நேரத்தில், 1930-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி, திடீர் என்று உயிர் பிரிந்தது. வயது 52. சொந்த ஊரான ஹாமண்ட்ஸ்போர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதிவேக மனிதர் என்று உலகம் அவரைப் பாராட்டியது. ஆனால் அவரை 52 வயதுவரை காப்பாற்றியதில் வேகத்துக்குப் பங்கு குறைவு. கூட்டம் கேலி செய்தபோதும், பரிசுப் பணம் காத்திருந்தபோதும், காற்று அடங்கும்வரை தரையில் நிற்க அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு விமான ஓட்டியும் இன்றைக்கும் முதலில் செய்வது அதைத்தான். மோட்டாரில் கை வைப்பதற்கு முன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்.